வீரமுனையில் நின்ற கப்பலும் சாய்ந்தமருதில் நின்ற கதவும்

கடற்கரையிலிருந்து சில மைல் தூரம் உள்ளே, வயல்வெளி சூழ்ந்த ஊர் வீரமுனை. கல்முனைப் பக்கமிருந்து வருவோர் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியைக் கடந்து சம்மாந்துறையை அடைவர். அதனை ஒட்டினாற்போல் இருக்கிறது இவ்வூர். அங்கே நின்றால் அலையோசை கேட்காது. நெல் மணமும் சேற்று மணமுமே காற்றில் வரும். ஆயினும் இவ்வூரின் பிறப்புக் கதை ஒரு கப்பலைப் பற்றியது. ஓடிய கப்பலைக் காட்டிலும் ஓடாமல் நின்ற கப்பலைப் பற்றியது என்று சொல்வதே பொருந்தும்.

கிழக்கிலங்கையார் பலரும் அறிந்த கதைதான். அறியாதோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உக்கிரசிங்கனுக்கும் மாருதப்புரவீகவல்லிக்கும் பிறந்தவன் என மரபு கூறும் வாலசிங்கன், சோழநாட்டு இளவரசி சீர்பாததேவியை மணந்துகொண்டு பரிவாரங்களோடு கப்பலில் ஈழம் திரும்புகிறான். திருக்கோணமலையை அண்மித்தபோது கப்பல் அசைய மறுக்கிறது. காற்று இருக்கிறது, பாய் விரிந்திருக்கிறது, துடுப்புப் போடவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கப்பல் நகரவில்லை. சிந்தன் என்பவனை நீருக்குள் இறக்கி அடியிலே பார்க்கச் சொல்கிறார்கள். அங்கே ஒரு பிள்ளையார் திருவுருவம் தடையாக இருக்கக் காண்கிறான். அதனை மேலே எடுத்துக் கப்பலில் ஏற்றி, கப்பல் எங்கே தானாகத் தங்குகிறதோ அங்கே கோயில் எடுப்போம் என்று தேவி நேர்ந்துகொள்கிறாள். கப்பல் தெற்கே வந்து, வாவிக்குள் புகுந்து, வீரமுனையில் தங்குகிறது. அங்கே எழுந்ததே சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில். சிந்து என்றால் கடல் என்பதால், சிந்துயாத்திரை என்ற கடற்பயணமே அப்பெயரில் ஒளிந்திருக்கிறது என்று கொள்வோரும் உண்டு. அக்கப்பலில் வந்தோரின் வழிவந்தோர் தாம் என்பது சீர்பாத மக்களின் மரபு.

இதனை வரலாறு என்று சொல்ல நான் துணியவில்லை. ஆனால் மரபுக் கதைகளுக்குள்ளே நிலத்தின் நினைவு இருக்கும். வயலுக்கு நடுவே கப்பல் எப்படி வந்தது என்று கேட்போர் இப்பகுதியின் ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். கல்முனை, மருதமுனை, நற்பிட்டிமுனை, வீரமுனை: எல்லாம் முனைகள். துறைநீலாவணையிலே துறை இருக்கிறது. சம்மாந்துறை என்பது சம்பான்கள் அடைந்த துறை என்பது ஊரார் விளக்கம். மட்டக்களப்பு வாவியோ ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது; அதன் தென்கோடி கல்முனைக்கு மேற்கே கிட்டங்கி வரை நீண்டு கிடக்கிறது. சீர்பாத மக்கள் வாழும் துறைநீலாவணை, குருமண்வெளி போன்ற ஊர்களும் இவ்வாவிக் கரையிலேயே அமைந்துள்ளன. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்து இப்பகுதியின் நீரோட்டத்தையே மாற்றிவிட்டது. எனினும் மாரியில் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வருவதை நாம் இன்றும் காண்கிறோம். 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் ஒன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, மதரசா மாணவர்கள் உயிரிழந்த துயரத்தை நாடே அறியும்.

இக்கதையை எனக்கு மீண்டும் நினைவூட்டியது ஒரு கதவு.

சில வருடங்களுக்கு முன், மீனவர் பிரச்சினை தொடர்பாகச் செய்தி சேகரிக்கச் சாய்ந்தமருதுக் கரைக்குப் போயிருந்தேன். ஆழ்கடல் படகு ஒன்று பழுதுபார்ப்புக்காகக் கரையேற்றப்பட்டுத் தென்னங்குற்றிகளின் மேல் நின்றது. அதன் கபின் கதவு, பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் வகையைச் சேர்ந்தது. அது பாதியில் நின்றுவிட்டிருந்தது. படகுச் சொந்தக்காரர் எழுபதை நெருங்கிய முஸ்லிம் பெரியவர். இரண்டு இளைஞர்கள் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரத்தில் கருவிப்பையோடு ஒருவர் வந்தார். படகுக்கும் வீட்டுக்கும் மரவேலை செய்பவரை எங்கள் கரையில் ஓடாவி என்போம். இந்த ஓடாவியார் வீரமுனையைச் சேர்ந்தவர்.

"தள்ளாதீங்க காக்கா. தள்ளத் தள்ள இறுகும். அடியில என்ன இருக்கெண்டு பாப்பம்" என்றார்.

கதவுதானே, ஏன் இவ்வளவு பதற்றம் என்று நான் கேட்டேன். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்தைய பயணத்தில் கபினுக்குள் தேநீர் வைத்தபோது காஸ் அடுப்பில் தீப்பற்றியதாம். உள்ளே இருவர் இருந்திருக்கிறார்கள். ஒருவர் அவருடைய மகளின் மகன். கதவு ஒரு சாண் திறந்து அப்படியே நின்றுவிட்டது. வெளியே நின்றவர் கோடரியால் சாளரத்தை உடைத்து இருவரையும் இழுத்தெடுத்தார். "அல்லாஹ் காப்பாத்தினான் தம்பி. ஆனா அடுத்த முறையும் கோடரி கைக்கெட்டின இடத்தில இருக்குமெண்டு என்ன நிச்சயம்?" என்றார். அதற்குப் பின் நான் என் குறிப்பேட்டில் வேறு எதையும் எழுதவில்லை. மாலைவரை அங்கேயே இருந்தேன்.

எங்கள் கரைக்குக் கதவுள்ள படகு வந்தது அண்மையில்தான். கரைவலைத் தோணிக்குக் கபின் கிடையாது. ஆகவே கதவும் கிடையாது. விடியுமுன் வலை வளைத்து, வெயில் ஏறுமுன் கரையில் நின்று இழுப்போருக்குக் கூரை எதற்கு? 1950களின் இறுதியில் அரசாங்கம் கடன் திட்டத்தின் மூலம் இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியது. மூன்றரைத் தொன் படகு என்று மக்கள் அழைத்த அவ்வகைகளோடுதான் கடலில் ஒரு சிறு அறை என்னும் எண்ணம் பரவியது. 1960களின் இறுதியில் நோர்வே நாட்டு உதவியோடு காரைநகரில் உருவான சீநோர் போன்ற நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளைப் பழக்கப்படுத்தின. 1980களிலிருந்து, பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு நாட்கணக்கிலும் வாரக்கணக்கிலும் கடலில் தங்கும் பலநாட் கலங்கள் பெருகின. அப்போதுதான் மீனவன் கடலிலேயே சமைக்கவும் உறங்கவும் தொடங்கினான். அவனுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கதவு வந்தது.

அக்கதவு ஏன் பக்கவாட்டில் நகர வேண்டும்? தளம் குறுகலானது. வீட்டுக் கதவைப் போல் வெளியே விரிந்தால் நடக்கும் வழியை அடைக்கும்; படகு உருளும்போது காற்றில் அடித்து ஆளின் விரலையோ தலையையோ பதம் பார்க்கும். தவாளிப்புக்குள் நகரும் கதவு இடத்தைப் பிடிக்காது. ஆனால் அதற்கு விலை ஒன்றுண்டு. கீலில் தொங்கும் கதவின் குறை கண்ணுக்குத் தெரியும். தவாளிப்பில் ஓடும் கதவின் குறையோ கீழே, குனிந்து பார்க்காத இடத்தில் சேரும்.

ஓடாவியார் முதலில் கதவைத் தொடவேயில்லை. "கடலில நிக்கக்குள்ளயும் இப்பிடியா, இல்ல கரையேத்தின பிறகா?" என்று கேட்டார். கடலிலும் இறுக்கம்தான், கரையில் இன்னும் மோசம் என்று பதில் வந்தது. அவர் நூல் ஒன்றை எடுத்து, கதவு நிலையின் மூலைக்கு மூலை குறுக்கே பிடித்து அளந்தார். இரண்டு குறுக்களவுகளும் ஒத்துப்போகவில்லை. அரை விரலளவு வித்தியாசம் இருந்தது. நிலை கோணியிருக்கிறது. பிறகு படகைச் சுற்றி வந்து குற்றிகளைப் பார்த்தார். பின்பக்கக் குற்றி ஒன்று மணலில் அமிழ்ந்து போயிருந்தது. நீர் தன் பாரத்தைச் சமமாகத் தாங்கும். குற்றி அப்படித் தாங்காது. அடி ஒருபக்கம் தாழ்ந்தால் உடல் முறுகும். உடல் முறுகினால் முதலில் சொல்வது கதவுதான். ஆப்பு அடித்துக் குற்றியை உயர்த்திய பின் நூலளவு ஏறக்குறையச் சமமாயிற்று. கதவும் இன்னொரு சாண் நகர்ந்தது. சீவுளியை எடுத்துக்கொண்டு வந்தவுடனேயே கதவைச் சீவியிருந்தால், படகு நீரில் இறங்கிய பின் அதே கதவு ஆடிக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்துக் கதவை மேல் தவாளிப்புக்குள் உயர்த்தி, அடிப்பக்கத்தை வெளியே இழுத்துக் கழற்றினார்கள். கீழ்த் தவாளிப்பைப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மணல், உப்பு, மீன் செதில், பழைய பெயின்ற் எல்லாம் சேர்ந்து சீமெந்து போல் இறுகிக் கிடந்தன. நீர் வடிய விட்ட துளைகள் பெயின்ற் பூசியே அடைக்கப்பட்டிருந்தன. நைலோன் சில்லுகள் நான்கில் ஒன்று சுழலாமல் இழுபட்டு, ஒருபக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. கதவின் பலகையோ அடி விளிம்பில் ஊதியிருந்தது. முகத்துக்கு மூன்று பூச்சுப் பூசியவர்கள், எவரும் பார்க்காத அடி விளிம்புக்கு ஒரு பூச்சும் பூசவில்லை.

அலுமினியத் தவாளிப்பைப் பிடித்திருந்த திருகாணிகளைச் சுற்றி வெண்ணிறத் தூள் பூத்திருந்தது. திருகாணிகள் கறள்படாத உருக்கினால் ஆனவை. அவற்றுக்கு எதுவும் ஆகவில்லை. அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்த அலுமினியமே அரிக்கப்பட்டு ஊதி, தவாளிப்பை நெளித்திருந்தது. உப்பு நீரில் இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றைத் தின்னும் என்பதை ஓடாவியார் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

இந்தப் பாடத்தை உலகின் பெரிய கடற்படையும் ஒரு காலத்தில் படிக்க வேண்டியிருந்தது. 1761இல் பிரித்தானியக் கடற்படை, மரத்தைத் துளைக்கும் புழுவிலிருந்து காப்பதற்காக 'அலாம்' என்னும் போர்க்கப்பலின் அடியைச் செப்புத் தகட்டால் மூடியது. 1763இல் கப்பலைச் சோதித்தபோது, செப்பைத் தொட்டிருந்த இரும்பாணிகள் அரிக்கப்பட்டுப் போயிருந்தன. ஆனால் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக இடையில் சிக்கியிருந்த இடங்களில் ஆணிகள் பழுதின்றி இருந்தன. ஒரு காகிதத்தின் தடிப்பு இடைவெளியே போதுமாயிருந்தது. பின்னர் 1824இல் அறிவியலாளர் ஹம்பிரி டேவி, இந்த அரிப்பையே கருவியாகக் கொண்டு, எளிதில் கரையும் வேறோர் உலோகத்தைப் பலிகொடுத்துச் செப்பைக் காக்கும் முறையைச் சொன்னார். இன்று படகுகளின் அடியில் பொருத்தப்படும் நாகக் கட்டி அதன் வழிவந்ததே.

வீரமுனை ஓடாவியார் பழுப்புக் காகிதத்துக்குப் பதிலாகப் பழைய சைக்கிள் ரியூப்பை வட்டம் வட்டமாக வெட்டினார். திருகாணி ஒவ்வொன்றையும் கழற்றி, வெண்தூளைச் சுரண்டித் துடைத்து, இறப்பரை இடையில் வைத்து மீண்டும் முடுக்கினார். தவாளிப்பை நன்னீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். வடிதுளைகளைத் துளைத்துத் திறந்தார். சில்லுகள் நான்கையுமே மாற்றினார். ஒன்று போனால் மற்ற மூன்றும் அதன் பாரத்தையும் சுமந்து களைத்திருக்கும் என்றார். பலகையை அன்று சீவவில்லை. இரண்டு நாள் நிழலில் காய விட்டார். ஈரத்தோடு சீவினால், காய்ந்து சுருங்கிய பின் இடைவெளி விழும். காய்ந்த பின் சுண்ணக்கட்டியைத் தவாளிப்பில் பூசிக் கதவை ஒருமுறை நகர்த்தி, எங்கே வெள்ளை ஒட்டியதோ அங்கே மட்டும் சீவினார். சீவிய விளிம்புக்கு றெசின் பூசி அடைத்தார் என்பதைப் பின்னர் சென்றபோது கேட்டறிந்தேன்.

இளைஞர் ஒருவர் கிறீஸ் டப்பாவைக் கொண்டுவந்தபோது அவர் தடுத்துவிட்டார். கிறீஸ் இன்று வழுக்கும், நாளை மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெழுகுதிரியைத் தவாளிப்பில் தேய்த்தாலே போதும். இறுதியாகக் கதவின் உட்புறத்தில், ஈரக்கையாலும் பற்றக்கூடிய நீண்ட மரப்பிடி ஒன்றைப் பொருத்தினார். சாளரத்துக்கு அருகே சிறு கோடரி ஒன்றைத் தோல்வாரில் மாட்டி வைக்கச் சொன்னார்.

இந்தக் கதவைப் பார்த்த கண்ணோடு அக்கரைப்பற்று வீதியில் தெற்கே போனால் ஒலுவில் வரும். மற்றொரு கதவு அங்கே இருக்கிறது. கல்முனைப் பிரதேசத்து ஆழ்கடல் படகுகளுக்குத் துறைமுகம் இல்லாத குறை நெடுங்காலத்தது. திறந்த கடலில் நங்கூரமிட வேண்டும். காற்று மாறினால் படகு போய்விடும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறி வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலிருந்து தெற்கே படகுகள் விறகாகின. சம்மாந்துறையில் பிறந்தவரான எம்.எச்.எம். அஷ்ரப், 1994 முதல் துறைமுகங்கள் அமைச்சராக இருந்த காலத்தில் கண்ட கனவு ஒலுவில் துறைமுகம். 2000 செப்டெம்பர் 16 அன்று நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மறைந்தார். டென்மார்க் நாட்டுக் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கி, 2013 செப்டெம்பர் 1 அன்று துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது.

சில ஆண்டுகளுக்குள்ளேயே அதன் வாயை மணல் மூடத் தொடங்கிற்று. எங்கள் கரையில் மணல் ஓர் இடத்தில் இராது. அலையோடு தெற்கிலிருந்து வடக்கே நடக்கும். நடக்கும் மணலின் குறுக்கே கல்லணை இட்டால், அது ஒருபுறம் குவியும். மறுபுறம் கரைக்கு வரவேண்டிய மணல் வராததால் கடல் நிலத்தைத் தின்னும். வாய் அடைபட்டுப் படகு நுழைய முடியாத அதே காலத்தில், வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னைகளும் வளவுகளும் கடலில் சரிந்தன. மணலை அள்ளுவதா, விடுவதா என்று மீனவரும் நிலமிழந்தோரும் எதிரெதிரே நிற்கும் நிலை உருவாயிற்று. அவ்வப்போது மணலை அள்ளினார்கள், மீண்டும் மூடியது. அள்ளுவது தோள் கொடுத்துத் தள்ளுவதற்குச் சமம். நம் முன்னோர் வாவியின் முகத்துவாரம் கோடையில் மணலால் மூடுவதையும் மாரி வெள்ளத்தில் திறப்பதையும் அறிந்து, எப்போது வெட்டுவது, எப்போது விடுவது என்று காலம் பார்த்தவர்கள். மணலை எதிர்த்து அவர்கள் நிரந்தரமாக எதையும் கட்டவில்லை.

இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் முடித்தால், வீரமுனையைப் பற்றி எழுதியவனாக மாட்டேன். 1990ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். 11ஆம் திகதி இரவு ஏறாவூர். 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர். அப்போது எனக்கு இருபது வயதளவில் இருக்கும். யார் செய்தது என்பதை எங்கள் பகுதியில் எல்லோரும் அறிவர். ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்து இறந்தோரின் எண்ணிக்கையையே சரியாக அறிவர். வீரமுனை வெறிச்சோடியது. மக்கள் திரும்பி வர ஆண்டுகள் எடுத்தன. படகுக்காரரின் வாப்பாவுக்குத் தோணி செய்து கொடுத்தவர் ஓடாவியாரின் தகப்பனார். 1990க்குப் பின் பல வருடங்கள் அந்தக் குடும்பத்துப் படகுகளுக்கு வேறு இடத்திலிருந்துதான் ஆள் பிடித்தார்களாம்.

எப்படி மீண்டும் பழகினீர்கள் என்று ஓடாவியாரிடம் கேட்டேன். ஒற்றுமை மாநாடு ஏதேனும் நடந்திருக்கும் என்று நினைத்தேன் போலும். அவர் சிரித்தார். சுனாமிக்குப் பின் ஒருநாள் இந்தக் காக்கா வீரமுனைக்கு வந்து வாசலில் நின்றாராம். தம்மிடம் ஒரு படகுதான் மிஞ்சியிருக்கிறது, அதன் அடிப்பலகை போய்விட்டது என்றாராம். ஓடாவியாரின் மனைவி தேநீர் கொடுத்தார். தகப்பனார் இருக்கிறாரா என்று வந்தவர் கேட்டார். "இல்ல, தொண்ணூறில கோயிலுக்குள்ள" என்று இவர் சொன்னார். வந்தவர் வெகுநேரம் எழும்பவில்லை. பிறகு, ஏறாவூரில் கொல்லப்பட்ட தம் மைத்துனரைப் பற்றிச் சொன்னார். அதுவரை இருவரும் ஒருவர் மற்றவரின் இழப்பைக் கேட்டிருக்கவில்லை. மறுநாள் இவர் கருவிப்பையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். இவ்வளவே நடந்தது.

வாலசிங்கனின் கப்பலில் இருந்தவர்களை நான் இப்போது வேறு விதமாக நினைக்கிறேன். நின்றுவிட்ட கப்பலில் அரசனுக்குக் கோபம் வந்திருக்கும்; துடுப்புக்காரர்களை அடித்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல் ஒருவனை அடியில் இறக்கிப் பார்க்கச் சொன்னார்கள். தடையாக இருந்ததை உடைக்காமல் மேலே எடுத்துத் தம்மோடு ஏற்றிக்கொண்டார்கள். கதை உண்மையோ பொய்யோ, அதைச் சொல்லி வந்த மக்கள் நின்றுபோன கலத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள்.

படகு நீரில் இறங்கிய அன்று நானும் போயிருந்தேன். பெரியவர் கபினுக்குள் சென்று கதவை மூடினார். பின் உள்ளிருந்தே ஒற்றை விரலால் இழுத்துத் திறந்தார். மூன்று முறை அப்படிச் செய்தார். கூலியோடு, சாக்கில் சுற்றிய இரண்டு பாரை மீன்களையும் ஓடாவியாரின் சைக்கிளில் கட்டினார்கள். வாடைக்காற்றுத் தொடங்குமுன் ஒருமுறை வந்து தவாளிப்பைப் பார்க்க வேண்டும், மறந்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஓடாவியார் வீரமுனைப் பக்கம் புறப்பட்டார்.